கொருக்குப்பேட்டையில் ஒரு சுரம் மேலே

ஷேர் ஆட்டோவில் தூங்கினால் எண்ணூரில்தான் கண் விழிக்க வேண்டியிருக்கும். வட சென்னையில் முதல் நாளே நான் கற்றுக்கொண்டது இது. டோல்கேட்டில் இறங்க வேண்டியவள். ராயபுரத்தில் ஏறியபோது ஒரு பக்கம் மீன்கூடையும் மறுபக்கம் டிபன் கேரியரும் என்னை நெருக்கிப் பிடித்துக்கொண்டன. அந்தக் கதகதப்பில், விமானத்தில் விட்ட தூக்கமெல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்தது. கண்ணைத் திறந்தபோது வண்டியில் நான் மட்டும்தான். எதிரே கழிமுகம். ஆறு எது, கடல் எது என்று பிரிக்க முடியாமல் தண்ணீர் ஒரே வெள்ளி நிறமாகக் கிடந்தது. அதற்குள் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தலைகீழாக நின்று மெல்ல ஆடின. கனவுதான் என்று முடிவு செய்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

“இன்னாமா, எந்திரி. டோல்கேட்டு டோல்கேட்டுன்னு தொண்ட கிழிய கத்துனேன். நீ இன்னாடான்னா கொறட்ட வுட்டுகினு கீற” என்றார் ஆட்டோக்காரர்.

திட்டிவிட்டு அவரே டீயும் வாங்கிக் கொடுத்தார். திரும்பும் வழியில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நின்றன. நாங்களும் நின்றோம். நான் வசிக்கும் ஜெர்மன் துறைமுக நகரத்தில் பத்து நிமிடம் லாரியை நிறுத்தி வைத்தால் ஓட்டுநர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிடுவார். இங்கே ஒருவர் லாரிக்கு அடியில் தூளி கட்டி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். இடப்பக்கமாக உப்புக்காற்று வந்துகொண்டே இருந்தது. திருவொற்றியூர் தாண்டியபோது மாலையாகிவிட்டது. அன்று யாரையும் பார்க்கவில்லை.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் பிறந்த தமிழச்சி நான். அப்போது இருபது வருடங்களாக அந்த ஜெர்மன் ஊரின் ஓபரா அரங்கில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தேன். ஓபரா என்றால் வசனமே இல்லாமல் முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம். நான் மேடையில் வாசிப்பவள் அல்ல, ஒத்திகை அறையில் வாசிப்பவள். அந்த நாடகங்களில் காதலன் பெரும்பாலும் டெனர்தான். ஆண்குரலில் உயரே எட்டக்கூடிய குரலுக்கு அந்தப் பெயர். நல்ல டெனர் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெண்ணை வைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்கு அலைகிறவர்கள் மாதிரி எல்லா அரங்குகளும் அலைந்துகொண்டிருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் அரங்கு வருடத்துக்கு ஒரு இளம் பாடகரைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடப் பயிற்சி கொடுக்கும். வயது இருபத்தெட்டைத் தாண்டக் கூடாது. அந்த முறை சென்னை டோல்கேட்டிலிருந்து ஒரு கேசட் வந்தது. அனுப்பியவன் செல்வின், வயது இருபத்துமூன்று. ஒரு பக்கத்தில் தன் குரலைத் தேவாலய ஆர்கனோடு பதிந்திருந்தான். மறுபக்கத்தில் அவனுடைய நண்பன் அன்பு, பக்கவாத்தியம் இல்லாமல் அதே பாட்டைப் பாடியிருந்தான். அன்புவுக்கு இருபத்தெட்டு வயது. அவனுக்கு அடுத்த வருடம் என்பது கிடையாது. எங்கள் இயக்குநர் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, “இடம் ஒன்றுதான். உனக்கு அந்த மொழி தெரியும். நேரில் கேட்டு, படிவத்தில் ஒரு பெயரை எழுதி வா” என்று என்னை அனுப்பிவிட்டார்.

இரண்டாம் நாள் முழித்துக்கொண்டே பயணம் செய்து டோல்கேட்டில் சரியாக இறங்கினேன். செல்வினின் அப்பாவுக்கு மளிகை மொத்த வியாபாரம். தெற்கே சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மல்லியும் வெல்லமும் சணலும் சேர்ந்த வாசனையில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

“வாங்கம்மா, வாங்க. ஏல செல்வின், என்னல முழிச்சிக்கிட்டு நிக்க? நாற்காலிய எடுத்துப் போடுல” என்றார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, “நல்லாத்தான் பாடுதான். ஆனா என்ன பாசைன்னுதான் தெரியல” என்றார். கருப்பட்டி போட்ட சுக்குக் காபி வந்தது. இரண்டு தம்ளர் குடித்தேன்.

ராயபுரத்தில் ஒரு தேவாலயக் கூடத்தில் பழைய பியானோ இருந்தது. அங்கே செல்வின் பாடினான். தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவன், இசைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தவன். நடு ஸ்தாயியில் அவன் குரல் நெய் ஊற்றியதுபோல் வழுவழுப்பாக இருந்தது. மெதுவாகப் பாடச் சொன்னால் மெதுவாகப் பாடினான். அந்நியச் சொற்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தான். மேலே போகப் போகத்தான் தோள் இரண்டும் காதுக்கு ஏறின. பாட்டின் கடைசியில் டெனர்களெல்லாம் பயப்படும் ஓர் உச்ச சுரம் வரும். அதைத் தொட்டான், தொட்டதும் சுட்டதுபோல் இறங்கிவிட்டான். நல்ல குரல், பத்திரமான குரல். பெயரை எழுதிவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

மூன்றாம் நாள் புளியந்தோப்பு. அன்பு துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று, மேலே கூண்டில் இருப்பவருக்குக் கை காட்டிக் குரல் கொடுக்கிற வேலையில் இருந்தான். குடிசை மாற்று வாரிய வீடு, மூன்றாவது மாடி. உள்ளே சுவரில் புத்தர் படம். அதற்குக் கீழே அவனுடைய அம்மா எனக்காகப் புதுப்பாய் விரித்திருந்தார்.

“வாம்மா, உள்ள வா. வூடு கலீஜா கீதேன்னு நெனைக்காத. மாட்டுக்கறி துன்னுவியா?” என்று கேட்டார்.

தின்பேன் என்றேன். மிளகு போட்ட வறுவலும் சோறும். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த அம்மா என்னை அதற்குப் பிறகுதான் முழுசாக நம்பினார். “இவன் பாட்ட கேக்கறதுக்கா பிளேன் ஏறி வந்த? நாங்க பிளேன் ஏறி ஓடலாமான்னு பாக்கறோம்” என்றார். சொல்லிவிட்டு மகன் தலையைத் தடவினார்.

சாயங்காலம் மொட்டை மாடியில் பாடினான். கொடிகளில் புடவைகள், பக்கத்து மாடியில் புறாக்கூண்டு. வெயில் தணிந்து எல்லாம் மஞ்சளாக மங்கியிருந்தது. கண்ணை மூடினான், வாயைத் திறந்தான். அவ்வளவுதான் அவன் தயாரிப்பு. கேசட்டில் கேட்ட குரல் கனமாக, இருட்டாக இருந்தது. இங்கே கேட்டதோ பளபளவென்று இருந்தது. சொற்களை மென்று விழுங்கினான், மெதுவாகப் பாடத் தெரியவில்லை, அவசரமாகவும் போனான். ஆனால் மூச்சு! கப்பல் தளத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கேட்கும்படி கூவிப் பழகிய மூச்சு. கடைசி உச்ச சுரத்துக்கு அவன் தோள் அசையவே இல்லை. அது புடவைகளைத் தாண்டி, ரயில் பாதை பக்கம் எங்கோ போனது. நான் எங்கே இருக்கிறேன் என்பதே சற்று நேரம் எனக்கு மறந்துவிட்டது.

“டேய் அன்பு, புறா மெரளுது, கொஞ்சம் கொறச்சிக்கடா நைனா” என்று பக்கத்து மாடியிலிருந்து குரல் வந்தது.

எங்கோ ஏதோ இடிக்கிறது என்று மட்டும் எனக்குப் பட்டது. சிலருக்குக் கேட்ட மாத்திரத்தில் இது இன்ன சுரம் என்று தெரியும். எனக்கு அந்த வரம் இல்லை. பியானோ பக்கத்தில் இருந்தால்தான் சொல்வேன். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன்.

இறங்கும்போது எப்படிக் கற்றான் என்று கேட்டேன். ஆறு வருடத்துக்கு முன்பு கொருக்குப்பேட்டையில் அண்ணாச்சியின் கிடங்கில் மூட்டை இறக்கும் வேலை பார்த்தானாம். செல்வின் பர்மா பஜாரில் ஒரு கேசட் வாங்கி வந்து கிடங்கு டேப் ரெக்கார்டரில் போட்டிருக்கிறான். “இன்னா சொல்றான்னு ஒன்னும் புரியல மேடம். ஆனா அந்தாளு ஏதோ ரொம்ப வேண்டியவங்கள தொலச்சுட்டு தேடிகினு கீறான்னு புரிஞ்சுது. மூட்டய கீழ வெச்சுட்டேன்” என்றான். அதன்பிறகு இருவரும் அங்கேயே, சரக்கு ரயில் போகும்போது நிறுத்தி, போனதும் விட்ட இடத்தில் தொடங்கி, அந்தக் கேசட்டோடு சேர்ந்து பாடியே கற்றிருக்கிறார்கள்.

நான்காம் நாள் காலை இருவரையும் தேவாலயக் கூடத்துக்கு வரச் சொன்னேன். பியானோவோடு பாடிக் காட்ட வேண்டும். பியானோவோடு சேராதவனை எந்த அரங்கும் சேர்த்துக்கொள்ளாது. அன்பு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். முன்னிசையை வாசித்தேன். அவன் தொடங்கினான். என் விரல்கள் நின்றுவிட்டன. என் சுரம் கீழ்வீட்டில் இருந்தது, அவன் சுரம் மாடி வீட்டில் இருந்தது. மறுபடி வாசித்தேன். மறுபடி அதேதான்.

“மேடம், பொட்டி எறங்கி கீது” என்றான் அன்பு மரியாதையாக.

கடல்காற்றில் பியானோவின் சுருதி இறங்குவது உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. பையிலிருந்து, எப்போதும் ஒரே சுருதியில் ஒலிக்கும் சுருதிக் கவையை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். பியானோவில் சொல்லும்படியான குறை இல்லை. பியானோ இல்லாமல் பாடச் சொல்லி, அவன் சுரங்களைக் கட்டைகளில் தேடினேன். முழுதாக ஒரு சுரம் மேலே பாடிக்கொண்டிருந்தான். கடைசி உச்ச சுரத்தைத் தேடிக் கண்டுபிடித்தபோது என் கையையே நம்பாமல் மறுபடி தட்டினேன். எங்கள் அரங்கில் எந்த டெனரும் அந்த இடத்துக்கு மேடையில் போகத் துணிந்ததில்லை.

ஆனால் எழுதியிருக்கிற இடத்தில் அவனால் பாட முடியவில்லை. மாடிப்படியில் இல்லாத படியை மிதித்தவன்போல் ஒவ்வொரு அடியிலும் தடுமாறினான். “நீ ஒரு சுரம் தள்ளிக் கற்றுவிட்டாய்” என்றேன். அவசரத்தில் அவ்வளவுதான் சொன்னேன். அது என் தவறு.

“ஆறு வருசமா தப்பாவா பாடிகினு இருந்தேன்?” என்றான். முகம் செத்துவிட்டது. “பரவால்ல மேடம். செல்வினுக்கே குடுங்க. அவன் படிச்சவன். எனக்கு ஷிப்ட்டு கீது.” நான் எழுந்து வருவதற்குள் வெள்ளைச் சட்டை வெயிலில் கரைந்துபோனது.

செல்வின் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த டேப் ரெக்கார்டரை நான் பார்க்க வேண்டும் என்றேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனான். கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று, எண்ணெய் டேங்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள்காரர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றி அரைத் தூக்கத்தில் நின்றார்கள். பட்டாணி விற்பவரின் மணிச் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

“பெட்டி வேகமா ஓடுது மேடம்” என்றான் செல்வின், திரும்பாமலே. “யாரோ வேற மோட்டார் மாட்டிக் குடுத்தது. எனக்குத் தெரியும்.”

“எப்போதிலிருந்து?”

“மூணு வருஷமா. சர்ச்சுல இந்தப் பாட்டோட நோட்டு கெடச்சுது. ஆர்கன்ல வாசிச்சுப் பாத்தேன். கேசட்டோட சேரல.”

“அன்புவிடம் சொல்லவில்லையா?”

“சொல்லத்தான் கெடங்குக்குப் போனேன். அவன் பாடிக்கிட்டிருந்தான். அந்த உசரத்துல நானும் மூணு வருஷம் முக்கி முக்கிப் பாத்தவன் மேடம். ஒரு நாள்கூட வரல. அவன் நின்ன வாக்குல பாடுறான். ஒரு சுரம் எறங்குனா எனக்கும் வரும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நான் மட்டும் எறங்கிட்டேன். அவன அங்கேயே விட்டுட்டேன். பொறாமைதான், வேற என்ன. பியானோ முன்னால நின்னா அவன் தடுமாறுவான்னும் தெரியும்.”

“பிறகு ஏன் அவன் பாட்டையும் சேர்த்து அனுப்பினாய்?”

“தெரியல மேடம். அனுப்பாம இருக்க முடியல.”

எனக்குக் கோபம் வந்தது. இறங்கி நடந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். எங்கள் ஒத்திகை அறைகளில் பொறாமையைத் தினம் பார்க்கிறேன். ஆனால் இப்படி யாரும் கேட்காமலே வாய் திறந்தவர் ஒருவரையும் பார்த்ததில்லை. கேட் திறந்தது. அடைபட்ட ஹாரன்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கத்தின.

கிடங்கில் மூட்டைகளின் நடுவே அந்தப் பெட்டி இருந்தது. கேசட்டைப் போட்டு, சுருதிக் கவையைத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தேன். செல்வின் சொன்னது சரி. பாட்டு ஒரு முழு சுரம் ஏறி, விறுவிறுவென்று ஓடியது. இங்கே கேட்கிற எல்லாப் பாட்டும் அப்படித்தான் ஓடியிருக்கும், மூட்டை தூக்குகிற அவசரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. செல்வினுடையதைத் தேவாலயத்தில் வேறு பெட்டியில் பதிந்திருந்தார்கள், அன்புவின் குரலை இதே பெட்டியில்தான். வேகமான பெட்டியில் பதிந்தது, சரியாக ஓடும் எங்கள் பெட்டியில் ஒரு சுரம் இறங்கிக் கேட்டிருக்கிறது. அதனால்தான் ஜெர்மனியில் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

“இதை அவனிடம் நான் சொல்லமாட்டேன், நீதான் சொல்ல வேண்டும்” என்றேன். அவன் தலையாட்டினான்.

அன்று சாயங்காலம் பாரிமுனையில் தனியாக நின்று அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். பினாங்கில் நான் வளர்ந்த தெருவிலும் நூடுல்ஸ் உண்டு, இந்தப் புளிப்பும் வறுத்த பூண்டும் இல்லை. ருசியாக இருந்தது, ஆனால் இறங்கவில்லை. மறுநாள் அன்பு வரமாட்டான் என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

வந்தான். ஐந்தாம் நாள் மத்தியானம், ஷிப்ட் முடிந்து, காக்கிச் சட்டையோடு. செல்வின்தான் துறைமுக வாசலில் நின்று கூட்டி வந்திருந்தான். வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது. செல்வினின் ஒரு கன்னம் சிவந்திருந்தது.

“இன்னா செய்யணும் மேடம்?” என்றான் அன்பு.

முதல் சுரத்தை மட்டும் வாசித்தேன். கேட்டான். மறுபடி வாசித்தேன். இறங்கி வந்து அதன்மேல் நின்றான். அரை மணி நேரம் முதல் வரி மட்டும்தான். வேகத்திலும் சிக்கல் இருந்தது. ஒவ்வொரு வரியையும் முன்னாலேயே முடித்துவிட்டு, பஸ் வருவதற்கு முன்பே ஸ்டாப்புக்கு வந்துவிட்டவன்போல் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். மெல்ல மெல்லப் பழகினான். மூச்சுக்குக் குறைவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே மீன்பிடித் துறைமுகத்தின் படகுகள் வெயிலில் மிதந்துகொண்டிருந்தன. செல்வின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது முறை முழுப் பாட்டையும் நிறுத்தாமல் போனோம்.

உச்ச சுரம் வந்தது. அன்பு அதில் ஏறினான் என்று சொல்ல முடியாது. நடந்து போனான். அங்கே போய் நின்றான். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன், அவன் நிறுத்தவில்லை. இருபது வருடத்தில் எத்தனையோ பேர் கழுத்து நரம்பு புடைக்க அந்த இடத்தைக் கடப்பதைப் பார்த்தவள் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் வாயை மூடினான். குழப்பமாக என்னைப் பார்த்தான்.

“இவ்ளோதானா மேடம்?” என்றான். “இதுக்கா எல்லாரும் இவ்ளோ பேஜாரு பண்ணிகினு கீறாங்க?”

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பினான்.

“அன்னைக்கே சொல்லிருந்தா இத்தோட நின்னுருப்பேன்டா” என்றான். “ஆனா நீ சொல்லிருக்கணும்.”

“ஆமா” என்றான் செல்வின்.

மறுநாள் எனக்கு விமானம். படிவத்தை எடுத்துப் பியானோ மூடியின்மேல் விரித்தேன். பெயருக்கு ஒரே ஒரு கட்டம். அன்பு என்று எழுதினேன். மீதிக் கட்டங்களை நிரப்ப ஆங்கிலம் அவனுக்குச் சரளமில்லை. என் கண்களும் அப்போது உதவுகிற நிலையில் இல்லை. செல்வின் எழுந்து வந்து பேனாவை வாங்கிக்கொண்டான். பிறந்த ஊர், விலாசம், வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, அழகான கையெழுத்தில் எழுதினான். ஒரு கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. யாரிடம் இசை கற்றார் என்று கேட்டிருந்தது.

“என்னடா எழுத?” என்றான்.

“உன் பேர எழுது.”

செல்வின் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். “வேணான்டா” என்றான்.

அன்பு பேனாவை எடுத்து அவன் விரல்களுக்கு நடுவே திணித்தான்.

“நீ சொல்லாம வுட்டதுலதான்டா கத்துகினேன். எழுது.”